பேயா, பிணியா?

சுங்கை வே என்றவுடன் அன்பர்கள் பலருக்கும் தொழிற்சாலைகளும் நெடுஞ்சாலையும் நினைவுக்கு வரும். நமக்கோ வேப்பிலையின் வாசனைதான் முதலில் வருகிறது. அதன் காரணத்தை நாற்பது ஆண்டுகளாக வெளியில் சொல்ல வெட்கப்பட்டோம். அவ்வெட்கத்தால் ஒருவருக்கும் நன்மை விளையவில்லை யாதலின், இன்று சொல்லத் துணிந்தோம்.

1975ஆம் ஆண்டில் இவ்வூரின் அமெரிக்க மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் மலாய்ப் பெண்கள் நாற்பது பேருக்கு ஒருங்கே “பேய் பிடித்தது”. 1978இல், நாள் முழுதும் பூதக்கண்ணாடியில் கண் பதித்து வேலை செய்த பெண்கள் சுமார் 120 பேர் அவ்வாறே அலறி விழுந்தனர். ஆலையை மூன்று நாள் மூடினர். போமோவை வரவழைத்து ஆடு வெட்டினர். சிலாங்கூரின் ஆலைப் பெண்களோடு பழகி ஆராய்ந்த ஐவா ஓங் என்னும் அம்மையார், 1987இல் வெளியிட்ட நூலில், வாய்திறந்து சொல்ல வழியற்ற வேலைக் கொடுமையே அவ்விதம் வெளிப்பட்டது என விளக்கினார். ஆடு வெட்டுவது எளிது; வேலை முறையை மாற்றுவதன்றோ கடினம்!

நிற்க. நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். ரப்பர்த் தோட்டத்தை விட்டு வந்த நம் குடும்பத்தில் முதன்முதல் ஆலைச் சம்பளம் வாங்கியவள் நம் அக்காள். 1981இல் அவளுக்கு வயது இருபத்திரண்டு. முதலில் உறக்கம் போயிற்று; பின்னர் உணவு. அப்பால், சுவருக்குள்ளிருந்து யாரோ தன்னை ஏசுவதாகச் சொன்னாள். தகப்பனார் பூசாரியை அழைத்தார். மூன்று வெள்ளிக்கிழமை வேப்பிலையடி நடந்தது. அவள் கைகளை இறுகப் பிடித்திருந்தவர் வேறு யாருமல்லர், நாமே. “தம்பி, கையை விடடா, வலிக்கிறது” என்றாள். நாம் விடவில்லை.

இரண்டாண்டுகள் இவ்வாறே கழிந்தன. தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் திறக்கப்பட்ட மனநோய் வைத்தியசாலையை நம்மவர் அறியாதவரல்லர். அவ்வூர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருந்தோம். அங்கே அனுப்பிவிடுவார்களோ, பெண்ணுக்கு மணமாகாதோ என்று தாயார் அஞ்சினார். இறுதியில் பழைய தோட்டத்து டிரஸர் ஒருவர், “இது வியாதி ஐயா, பேயன்று” எனக் கடிந்துரைத்து, தாமே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார். மருந்து உட்கொண்ட சில வாரங்களில் குரல்கள் தணிந்தன. மருந்தால் கை சற்று நடுங்கிற்று. பழைய கலகலப்பு முழுதும் மீளவில்லை. ஆயினும் தையல் வேலை செய்து தன் சோற்றைத் தானே உண்டாள்.

அவளுக்கு வந்தது மனச்சிதைவு நோய். உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு அது உண்டு. பெரும்பாலும் இளமையிலே தொடங்கும். பரம்பரைக் கூறு, மூளையின் இரசாயன மாறுபாடு, வாழ்க்கை நெருக்கடி, கஞ்சா முதலிய போதை ஆகியவை பலவாறு கூடி அதை விளைவிக்கின்றன. ஆலை வேலையொன்றே இந்நோயைத் தந்ததென்று நாம் சொல்லோம். கூட்டமாய் அலறி ஓய்ந்த அப்பெண்களின் துன்பம் வேறு, அக்காளின் பிணி வேறு. 1952இல் பாரிஸ் நகர மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்னும் மருந்தைக் கையாண்டது முதல் இந்நோய்க்குப் பயனுள்ள மருந்துகள் உண்டு. சிகிச்சை தாமதிக்குந்தோறும் குணம் அரிதாகும் என்பதும் மருத்துவர் கண்ட உண்மை. நாம் வீணாக்கிய இரண்டாண்டுகளை எண்ணுங்கால் நெஞ்சம் குறுகுகிறது.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் தமிழகத்து ஏர்வாடியில், தனியார் விடுதியொன்றில் பற்றிய தீயில், சங்கிலியிற் பிணித்திருந்த மனநோயாளர் 28 பேர் ஓடவும் வழியின்றி மாண்டனர். அவர்களை அங்கே விட்டுச் சென்றவர் எல்லாரும் கொடியவரா? நம்மைப்போல் அஞ்சியவரும் அவருள் இருந்திருப்பர். பேயின்மேல் பழியைப் போட்டுவிட்டால், முதலாளி தன் ஆலையைப் பார்க்க வேண்டுவதில்லை. குடும்பத்தார் தம் அச்சத்தைப் பார்க்க வேண்டுவதில்லை. பேய் நமக்குச் செய்யும் உதவி இதுவே.

தோழர்களே! வீட்டில் ஒருவர் உறக்கமிழந்து, பிறர் கேளாத குரலைக் கேட்டால், கோயிலுக்குப் போக விரும்புவோர் போகட்டும். ஆனால் அன்றே மருத்துவரிடமும் போகவேண்டும். அவர் கையைப் பற்றுவதாயின், அடிப்பதற்கன்று, துணையாக உடன் செல்வதற்கே பற்றுவோமாக.