ஓசூரிலிருந்து ஸான்பிரான்ஸிஸ்கோ எவ்வளவு தூரம்?

"மகளுக்குப் பிரசவம், அமெரிக்கா கிளம்பணும்" என்றதும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தாய்மார்கள் முதலில் கேட்பது, "எத்தனை மணி நேரம் உட்காரணும்?" என்பதுதான். டிக்கெட்டைப் பார்த்தால் தலை சுற்றும். கணக்கு தெரிந்தால் பயமில்லை, சகோதரிகளே!

2021 ஜனவரியில் ஸான்பிரான்ஸிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியா முதன்முதலாக இடைநில்லா விமானம் விட்டது. அதை ஓட்டி வந்த விமானிகள் நால்வரும் பெண்கள்! காப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் வடதுருவத்தைக் கடந்து வந்தார்கள். துருவத்தின் வழியாக ஏன்? ஒரு சாத்துக்குடியின் மேல் இரண்டு புள்ளி வைத்து நூலை இழுத்துப் பிடியுங்கள், குறுக்குவழி புரிந்துவிடும். அப்படியும் நேர்த் தூரம் சுமார் 14,000 கி.மீ.

அட்டவணைப்படி 9-ஆம் தேதி இரவு எட்டரைக்குக் கிளம்பி, 11-ஆம் தேதி அதிகாலை மூணே முக்காலுக்கு இறங்க வேண்டும். விரல் விட்டு எண்ணினால் 31¼ மணி! ஆனால் அந்தந்த ஊர்க் கடிகார நேரத்தைத்தான் போடுவார்கள். குளிர்காலத்தில் நம் கடிகாரம் அவர்களுடையதைவிட 13½ மணி முந்தி ஓடும். அதைக் கழித்தால் உட்கார்ந்திருப்பது 17¾ மணிதான். கோடையில் 12½ மணியைக் கழிக்கணும். வழியில் விமானம் மாறுவதானால், காத்திருக்கும் நேரமும் சேரும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2008 மே மாதம் வரை பெங்களூர் விமான நிலையம் நகரத்துக்குள்ளேயே, ஹெச்.ஏ.எல்.லில் இருந்தது. பிறகு தேவனஹள்ளிக்குப் போய்விட்டது. அத்திப்பள்ளி, ஸில்க் போர்டு, ஹெப்பாள் என்று ஊரையே குறுக்கே கடக்கணும். கிருஷ்ணகிரியிலிருந்து வருவோருக்கு ஓசூர் வரைக்குமே 50 கி.மீ. கூடுதல். விமானத்துக்கு மூன்று மணி முன்னால் அங்கே இருக்க வேண்டும். ஆகவே ஆறேழு மணி முன்னதாகவே வீட்டைப் பூட்டுங்கள். ஓசூரிலேயே 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். வந்தால் இந்த அலைச்சல் மிச்சம்.

உடம்பு விஷயம்தான் முக்கியம். காலைத் தொங்கப்போட்டபடியே உட்கார்ந்தால் பாதம் வீங்கும். சிலருக்குக் கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு மணிக்கொரு முறை எழுந்து நடங்க. உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுங்க. எழுந்திருக்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரைக் குறைக்காதீங்க. சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், முன்பு ரத்தம் உறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே கூடாது.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளும் டாக்டர் சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைத்தால் உறைந்து கெட்டுவிடலாம். நேரம் மாறுவதால் மருந்தை எப்போது போடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரசவ லேகியமும் அங்காயப் பொடியும் மறக்கமாட்டோம். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் திடமாகப் போய் இறங்கினால்தானே உதவி!