பலூன் பட்ஜெட்

சென்னையில் குழந்தைகளை வெளியே அழைத்துப் போவது சர்க்கார் பட்ஜெட் மாதிரி. போடும்போது உபரி, முடியும்போது பற்றாக்குறை! நுழைவுக் கட்டணத்தை மட்டும் கூட்டிப் பார்த்து, 'அட, இவ்வளவுதானே!' என்று கிளம்புகிற அப்பாக்கள், கேட்டுக்கு வெளியே நிற்கும் பலூன்காரரைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அவருக்குப் பக்கத்தில் பஞ்சுமிட்டாய். அதற்குப் பக்கத்தில் சோப்புக் குமிழி. அதற்கும் பக்கத்தில் மணியடித்துக்கொண்டு ஐஸ் வண்டி. பி.காமில் 'மறைமுகச் செலவுகள்' என்று ஒரு பாடம் உண்டு. மூன்று வருஷம் புரியாதவர்கள்கூட கிண்டி சிறுவர் பூங்கா வாசலில் மூன்று நிமிஷம் நின்றால் பாஸாகிவிடலாம்.

இதற்குப் பயந்துதான் பலபேர் ஞாயிற்றுக்கிழமை 'மால்' பக்கம் ஒதுங்குகிறார்கள். உள்ளே போக டிக்கெட் இல்லை, ஏ.சி. இலவசம் என்று சந்தோஷம். வண்டி நிறுத்தக் காசு, பாப்கார்னுக்கு அதைவிடப் பெரிய காசு. வெயில், மண், மரம் மூன்றும் மேலே படாமல் வீட்டுக்கு வந்து, 'என்னடா பார்த்தே?' என்று கேட்டால், 'எஸ்கலேட்டர்' என்கிறது பிள்ளை.

ஆனால் சார், ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டும் கொஞ்சம் முன்யோசனையும் இருந்தால் இந்த ஊரில் ஒரு குடும்பம் திறந்த வெளியில் ராஜா மாதிரி சுற்றலாம். என் வீட்டில் ஒன்பது வயதில் ஒரு பையன், நாலு வயதில் ஒரு பெண். அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

முதலில், போகிற வழியையே பிக்னிக்காக மாற்றிவிட வேண்டும். பறக்கும் ரயிலின் குறைந்தபட்ச டிக்கெட் அஞ்சு ரூபாய். அஞ்சு வயதுக்குக் கீழே டிக்கெட்டே கிடையாது. 1995-ல் கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் நடுவே ஓட ஆரம்பித்து, 2007-ல் வேளச்சேரியைத் தொட்ட ரயில் இது. மாடி உயரத்தில் போவதால் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மொட்டை மாடிகள், காயும் துணிகள், சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம் எல்லாம் தெரியும். பக்கிங்ஹாம் கால்வாய் கூடவே வரும் (மூக்கைப் பிடித்துக்கொள்ளவும்). கிரீன்வேஸ் ரோடு தாண்டியதும் அடையாறு ஆற்றின் மேலே போகும்போது பெரியவர்களே எட்டிப் பார்ப்பார்கள். பெயரே 'பறக்கும் ரயில்'. இதற்கு மேல் குழந்தைக்கு என்ன விளம்பரம் வேண்டும்?

பஸ் என்றால் வேறு பிரச்னை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். என் மனைவிக்கும் மகளுக்கும் காசில்லை. எனக்கும் பையனுக்கும்தான் டிக்கெட். எங்கள் வீட்டில் இப்போது சம உரிமை கேட்டுப் போராடுகிறவன் பையன்தான்!

இரண்டாவது, கிழமை. சென்னையில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு ஜாதகம் உண்டு. கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கும் செவ்வாய் ஆகாது. எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளி லீவு. மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்துக்கோ ஞாயிறே ஆகாது. சனிக்கிழமை ஆபீஸுக்கு லீவு கிடைத்த புண்ணியவான்களுக்குத்தான் அது. லீவு நாளில் போய், பூட்டிய கேட் முன்னால் பிள்ளையைச் சமாதானப்படுத்தும் செலவு, டிக்கெட்டைப் போல மூன்று மடங்கு.

மூன்றாவது, ஒரு நாளைக்கு ஒரே இடம். காலையில் மான், மத்தியானம் மியூசியம், சாயங்காலம் கடற்கரை என்று ஆபீஸ் மீட்டிங் மாதிரி அடுக்கினால், ராத்திரி தோளில் தூங்குகிற குழந்தைக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது. தோளுக்குத்தான் ஞாபகம் இருக்கும். காலை வெயில் ஏறுமுன் போய் வரலாம், அல்லது நாலு மணிக்கு மேல் கிளம்பலாம். வீட்டிலிருந்து எலுமிச்சை சாதம், இரண்டு பாட்டில் தண்ணீர். போனவுடன் விசாரிக்க வேண்டியது மான் எங்கே என்பதல்ல, பாத்ரூம் எங்கே!

நாலாவதுதான் முக்கியம். பலூன் பட்ஜெட். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஆளுக்கு முப்பது ரூபாய் கையில் கொடுத்துவிடுகிறேன். 'இதுதான் உன் பணம். பலூனோ, ஐஸோ, உன் இஷ்டம். தீர்ந்தால் தீர்ந்ததுதான்.' அப்பா காசில் எல்லாமே வேண்டும் என்ற பையன், தன் காசு என்றதும் பஞ்சுமிட்டாயை இரண்டு தடவை சுற்றி வந்து விலை விசாரிக்கிறான்.

இப்படிக் கிளம்பினால் இந்த ஊர் என்னென்னவோ காட்டுகிறது. கிண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு நடுவே, புள்ளிமானும் வெளிமானும் திரிகிற காடு. 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. ஐ.ஐ.டி.க்கும் தலைவர்களின் நினைவிடங்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தது போக மிச்சம் சுமார் 270 ஹெக்டேர். காட்டுக்குள் நாம் இஷ்டப்படி நுழைய முடியாது. ஓரத்தில் இருக்கிற சிறுவர் பூங்காவும் பக்கத்துப் பாம்புப் பண்ணையும்தான் நமக்கு. குழந்தைகளுக்கு அதுவே தாராளம்.

மெரினா மணலில் நடக்கும்போது பையன், 'இவ்ளோ மண்ணை யாருப்பா கொண்டு வந்து கொட்டினா?' என்றான். நல்ல கேள்வி. ஒரு காலத்தில் கடல் ரோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. 1870-களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்த பிறகு, தெற்கிலிருந்து கடல் தள்ளிக்கொண்டு வரும் மணல் அந்தச் சுவரில் தடுக்கப்பட்டு இங்கே சேர்ந்துவிட்டது. போய்ச் சேர வேண்டிய மணல் சேராததால் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. ஒரு பக்கம் வரவென்றால் இன்னொரு பக்கம் பற்று. கடலுக்கும் டபுள் என்ட்ரிதான்! (அலையில் குளிக்க மட்டும் விடாதீர்கள். மெரினாவின் இழுப்பு பொல்லாதது.)

பைசா செலவில்லாத பெரிய வேடிக்கை பெசன்ட் நகரில். ஜனவரியிலிருந்து சில மாதங்கள் பங்குனி ஆமைகள் ராத்திரியில் கரையேறி முட்டையிடும். 1988-லிருந்து மாணவர் குழு ஒன்று ராத்திரி முழுக்க நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்து, வேலி போட்ட இடத்தில் புதைத்துக் காக்கிறது. குஞ்சுகள் இயல்பாக வெளிச்சத்தை நோக்கிப் போகும். நம் ஊரில் கடலைவிட ரோடு விளக்குதானே பிரகாசம்! அப்படியே விட்டால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடும். கோடை சாயங்காலங்களில் குஞ்சுகளைக் கடலோரம் விடுவார்கள். தொடக்கூடாது, டார்ச் அடிக்கக்கூடாது, வழிமறிக்கக்கூடாது, அவ்வளவுதான் கட்டணம்.

உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஜீவன்கள் தத்தித் தத்திப் போவதை, ஒரு நிமிஷம் வாய் மூடாத என் மகள் மூச்சு விடாமல் பார்த்தாள். ஆயிரத்தில் ஒன்று பிழைத்தால் அதிசயம் என்கிறார்கள். என் படிப்பின்படி இது மஞ்சள் கடுதாசி கொடுக்க வேண்டிய கம்பெனி. 2025 ஜனவரியில் இதே கரைகளில் பெரிய ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமைகளோ கடையை மூடுவதாக இல்லை.

'இது திரும்ப எப்பப்பா வரும்?'

'முட்டை போடவா? பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலே ஆகும்.'

பையன் விரல் விட்டு எண்ணினான். 'அப்போ நான் காலேஜ். நானே பாப்பாவைக் கூட்டிட்டு வரேன். நீ வீட்லயே இரு.'

செலவு மிச்சம் என்று சந்தோஷப்படுவதா, வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை. திரும்பும் வழியில் பலூன்காரர் நின்றிருந்தார். மகளின் முப்பது ரூபாய் கைமாறியது. போகட்டும், அவரும் பிள்ளைகுட்டிக்காரராகத்தானே இருப்பார்!