பிடிப்பதும் விடுவதும்

மீன் பிடித்தல் என்றவுடன் நம்மவர் மனத்தில் எழுவன வலையும் வள்ளமும் கரைவலை இழுப்போரின் குரலுமே. அது பிழைப்பு. பிழைப்பின் பொருட்டன்றிப் பொழுதுபோக்கின் பொருட்டு மீன் பிடிப்போரும் உலகிற் பலர் உளர். அவருள்ளும் ஒரு சாரார், பிடித்த மீனை உடனே நீரில் விட்டுவிடுவதையே ஒழுக்கமாகக் கொண்டவர். இது கருணையா, விளையாட்டா என்பதை ஆராய்வது பயனுடையது.

ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே சென். லூயிஸ் முதலிய நகரங்களின் பூங்காக்களிற் சிறு ஏரிகள் பல உள்ளன. பனிக்காலம் தொடங்கியதும், வளர்ப்பு நிலையங்களில் வளர்ந்த வானவில் ட்ரவுட் மீன்களை மாநிலப் பாதுகாப்புத் திணைக்களத்தார் கொணர்ந்து அவற்றில் விடுகின்றனர். விலாவில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடுவதால் இம்மீனுக்கு இப்பெயர். வட அமெரிக்காவின் மேற்குக்கரை ஆறுகள் அதன் தாயகங்களுள் ஒன்று. குளிர்ந்த நீரே அதற்கு உயிர். ஓடும் நீரின் பரற்கற்களிடையேதான் அது முட்டையிடும். ஆதலின் நகரத்து ஏரி அதற்கு வீடன்று, சத்திரம். கோடையில் நீர் வெதும்பியதும் அங்கே அது வாழ இயலாது. ஆண்டுதோறும் புதிதாக விட வேண்டியிருப்பது இதனாலேயே.

நமக்கும் இம்மீன் முற்றும் அந்நியமன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் ட்ரவுட் இனங்களை நமது மலைநாட்டுக்குக் கொணர்ந்தனர். ஹோட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் வானவில் ட்ரவுட் இன்றும் வாழ்கின்றது. அங்கே ஓடும் நீர் உண்டு, இனமும் பெருகிற்று. தேங்கிய ஏரியிலோ மனிதன் கையே அதற்குத் தாயும் தந்தையும்.

மிசூரியின் அவ்வேரிகள் சிலவற்றில் நடைமுறையில் உள்ள விதி சுவையானது. நவம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை பிடித்த மீன் அனைத்தையும் திருப்பி விட்டுவிட வேண்டும். புழு முதலிய இயற்கை இரைகளும் அக்காலத்தில் ஆகா. இரையை மீன் தொண்டைவரை விழுங்கிவிடும். அவ்வாறு சிக்கிய மீனை விட்டாலும் அது பிழைப்பது அரிது. செயற்கைப் பூச்சியையோ பெரும்பாலும் உதட்டளவிலேயே கவ்வும். பெப்ரவரி 1 முதல், உரிய அனுமதி பெற்றவர் நாளொன்றுக்கு 4 மீன்களைக் கொண்டுபோகலாம். 1976இல் அம்மாநிலத்து வாக்காளர் தாமே இசைந்து ஏற்ற விற்பனை வரியொன்று, நூற்றுக்கு எட்டிலொரு பங்கு, இயற்கைப் பாதுகாப்புப் பணிகளுக்குச் செல்கின்றது. ஏரியும் மீனும் பொதுச் சொத்து என்ற உணர்வு இதனால் வலுப்பெறுகின்றது.

அச்செயற்கைப் பூச்சி ஒரு கைவினை. சிறு தூண்டின்முள்ளில் இறகும் மயிரும் நூலும் சுற்றி, நீரடியிலிருந்து மேலெழும் கொசுவினப் பூச்சியைப் போலச் செய்வர். அதற்கு எடையே இல்லை எனலாம். ஆகவே அதனை எறிய முடியாது. கனத்த கயிற்றைக் கோலால் முன்னும் பின்னும் வீசினால், கயிறு பூச்சியைக் கொண்டுபோய் நீர்மேல் மெல்ல வைக்கும். எந்த வேளையில் எப்பூச்சி எழுகின்றது, மீன் எவ்வாழத்தில் உலவுகின்றது என்பனவெல்லாம் அறிந்தவனுக்கே மீன் அகப்படும். பிடித்தபின் கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொட வேண்டும்; உலர்ந்த கை அதன் மேனியிலுள்ள வழுவழுப்பான காப்பைப் போக்கிவிடும்.

இத்துணைப் பரிவு கண்டு நாம் மகிழ்கிறோம். ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. மீனுக்கு நோவு உண்டா? 2003இல் ஸ்கொட்லாந்தில் லின் ஸ்னெடன் முதலிய ஆய்வாளர் இதே வானவில் ட்ரவுட்டை ஆராய்ந்தனர். தீங்கை உணரும் நரம்பு முனைகள் அதன் தலையில் உள்ளமையைக் கண்டனர். உதட்டில் தேனீ நஞ்சோ அசற்றிக் அமிலமோ செலுத்தப்பட்ட மீன்கள் ஏறக்குறைய 3 மணி நேரம் உணவை நாடவில்லை. சில தம் உதட்டைக் கற்களில் உராய்ந்தன. இது வெறும் நரம்பின் எதிர்வினையே, நோவன்று என வாதிடும் அறிஞரும் உளர். எனினும் சுவிற்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள், விட்டுவிடும் நோக்கத்தோடே மீன் பிடிப்பதை விலக்கியுள்ளன. உண்பதற்குப் பிடி, விளையாட்டுக்காக வருத்தாதே என்பது அதன் கருத்து.

திருக்குறளில் கொல்லாமை ஓர் அதிகாரம். இன்னா செய்யாமை வேறோர் அதிகாரம். கொல்லாதவன் துன்புறுத்தாதவனும் ஆவான் என்று வள்ளுவர் கருதியிருப்பின் இரண்டு அதிகாரம் வேண்டியதில்லை அன்றோ? மீனை விட்டுவிடுபவன் முன்னதைக் காத்தான். பின்னதைக் காத்தானா என்பதே ஐயம்.

அன்றியும், அவன் விட்ட மீன் கோடையைக் காணப்போவதில்லை. எனவே அவன் அளித்தது உயிர்ப்பிச்சையன்று. நாளை அக்கரையில் நிற்கப்போகும் வேறொருவனுக்கு ஒரு வாய்ப்பையே அளித்தான். அதுவும் சிறிய அறமன்று. பொதுக் குளத்து நீரையும் பொது நூலகத்து நூலையும் தமக்குப் பின் வருவோர் உளர் என்று எண்ணிப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்? அவ்வறத்தை நம் மாணவர் கற்கட்டும். ஆனால் அதற்குப் பங்கீட்டு நேர்மை என்று பெயரிடுவோம். கருணை என்று பெயரிட வேண்டா.

கருணையை நாடுவோர்க்கும் அந்த ஏரிக்கரையில் இடமுண்டு. நீரைப் பார்த்துப் பூச்சியை அறிவதும், நிழலசைவு கண்டு மீனின் வழியை உணர்வதும் அக்கலையின் பெரும்பகுதி. அவ்வளவுக்கும் முள் வேண்டியதில்லை. கூர்ந்த கண்ணும் பொறுமையுமே போதும்.