நெமிலிச்சேரியிலிருந்து ஆகாயத்துக்கு: ஆறெழுத்துத் துணை

சென்னை சென்ட்ரலில் திருவள்ளூர் மின்சார வண்டி ஏறி உட்கார்ந்தால், ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம் எல்லாம் தாண்டி வருகிறது நெமிலிச்சேரி. அடுத்த ஸ்டேஷன் திருநின்றவூர். மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை நெமிலிச்சேரியைத் தொட்டுத்தான் போகிறது. வண்டலூர் பக்கத்துப் பாதி 2014-லும், மீஞ்சூர் பக்கத்துப் பாதி 2021-லும் திறந்தார்கள். பட்டாபிராமில் 2024-ல் டைடல் பார்க்கும் வந்துவிட்டது.

இந்தப் பக்கத்து வீடுகளில் இன்றைக்கு மாவடு, பருப்புப் பொடியோடு பெட்டி கட்டும் அம்மாக்கள் அதிகம். பெண்ணுக்குப் பிரசவம், சிங்கப்பூரோ, துபாயோ, அமெரிக்காவோ தனியாகப் போக வேண்டும். டிக்கெட்டைப் பிள்ளை அங்கிருந்தே போட்டு அனுப்பி விடுகிறான். "அதுல என்ன எழுதியிருக்குன்னே புரியலையேம்மா!" என்று தவிப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பெயர் ஒன்று, ஊர் இரண்டு

குரோம்பேட்டைப் பக்கமும் ஒரு நெமிலிச்சேரி உண்டு, தெரியுமோ? வாடகைக் கார்க்காரரிடம் ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால், "ஏர்போர்ட் பக்கத்துலயேதானே இருக்கீங்க!" என்பார். ஊருக்கே இந்தக் கதி என்றால் ஆளுக்கு? ஒரே விமானத்தில் மூன்று லட்சுமிகள் இருந்தால் யார் எந்த லட்சுமி? அதற்காக ஏற்பட்டதுதான் பி.என்.ஆர். என்ற குறியீடு.

ரயில் பி.என்.ஆர். பத்து இலக்கம், 139-க்கு போன் போட்டுக் கேட்கிற பழக்கம் நமக்கு உண்டு. விமானத்துக்கு ஆறே ஆறு இடம். ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து வரும். ஒரு காலத்தில் விமான டிக்கெட் பதிவெல்லாம் அட்டைகளில் கையால் எழுதியதுதான். அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து 'சேபர்' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாட்டை 1960-களில் கொண்டு வந்தன. 2008 ஜூன் முதல், சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் காகித டிக்கெட்டையே நிறுத்திவிட்டது. நம் கையில் இருக்கும் தாள் வெறும் நகல்தான். நிஜமான பதிவு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி அந்த ஆறெழுத்து.

எப்படிப் பார்ப்பது?

விமானக் கம்பெனியின் இணையதளத்திலோ செயலியிலோ 'மேனேஜ் புக்கிங்' என்ற இடத்துக்குப் போங்கள். ஆறெழுத்தையும், 'லாஸ்ட் நேம்' என்ற கட்டத்தில் பெயரையும் போட்டால் விவரம் வந்துவிடும். ஓ என்ற எழுத்தா, பூஜ்யமா என்று மட்டும் உற்றுப் பாருங்கள். டிக்கெட்டில் 13 இலக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். அது டிக்கெட் எண், பி.என்.ஆர். அல்ல. ஏஜெண்டிடம் வாங்கியிருந்தால் அவருடைய குறிப்பு எண் தனி. "ஏர்லைன் பி.என்.ஆர். எது?" என்று கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.

நம்மவர்கள் திணறுவது பெயரில்தான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். ஒற்றைப் பெயராக இருந்தால், டிக்கெட் போட்டவர் 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் என்ன போட்டாரோ அதையே போட்டுத் தேடுங்கள். ஒற்றைப் பெயர் சின்ன விஷயமல்ல. 2022 நவம்பரில், அப்படிப்பட்டவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு எமிரேட்ஸ் சொன்னது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் சரி என்று பிறகு விளக்கம் வந்தது.

திறந்ததும் கவனிக்க வேண்டியவை

முதலில் தேதி. 15-ந் தேதி இரவு 12.30 என்று இருந்தால், 14-ந் தேதி சாயங்காலமே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்! அடுத்து, நேரம் மாறியிருக்கிறதா, எந்த டெர்மினல், எத்தனை கிலோ சாமான். முழங்கால் வலியுள்ளவர்களுக்குச் சக்கர நாற்காலி சொல்லியாகிவிட்டதா? இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை மடியில்தான் வரும் என்றாலும் அதன் பெயரும் அந்தப் பதிவில் இருக்க வேண்டும். கர்ப்பிணிகள், எத்தனையாவது வாரம் வரை அனுமதி, எப்போது டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும்.

சாப்பாட்டில் ஒரு வார்த்தை. பல கம்பெனிகளில் 'ஹிந்து மீல்' என்றால் சைவமல்ல. மாட்டிறைச்சி இருக்காது, ஆனால் வேறு இறைச்சி இருக்கலாம். சைவக்காரர்கள் 'ஏஷியன் வெஜிடேரியன்' என்று கேட்க வேண்டும்.

சாவியை வாசலில் தொங்கவிடலாமா?

ஆறெழுத்தும் பெயரும் தெரிந்தால் யாரும் உங்கள் பதிவைத் திறக்கலாம். இருக்கையை மாற்றலாம், சில சமயம் பயணத்தையே ரத்து செய்யலாம். 2020-ல் ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபட் தம் போர்டிங் பாஸைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த குறியீட்டை வைத்தே ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண் வரைக்கும் கண்டுபிடித்துவிட்டார்! உடனே அந்தக் கம்பெனிக்கும் அரசுக்கும் தகவல் சொன்ன நல்ல மனிதர் அவர். எல்லோரும் அப்படியா இருப்பார்கள்? "ஊருக்குக் கிளம்பிட்டேன்" என்று வாட்ஸப் குழுவில் சொல்லுங்கள், தப்பில்லை. டிக்கெட்டைப் படம் பிடித்துப் போடாதீர்கள். கம்பெனியின் போன் நம்பரையும் டிக்கெட்டிலிருந்தே எடுங்கள். கூகுளில் தேடினால் போலி நம்பர்கள் வலை விரித்துக் காத்திருக்கின்றன.

கிளம்பலாமா?

சாமான் குறைவென்றால் மின்சார வண்டியில் சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோவின் நீலத் தடம் நேரே விமான நிலையத்துக்கே போகிறது. பெட்டிகள் இருந்தால் காரில் வெளிவட்டச் சாலை வழியே வண்டலூர் போய், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று வரலாம். போகிற வழியில் அந்த இன்னொரு நெமிலிச்சேரியும் பக்கத்திலேயே!

வெளிநாட்டுப் பயணமென்றால் மூன்று மணி நேரம் முன்னதாக இருங்கள். வாசலில் காவலரிடம் டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். அந்த ஆறெழுத்தை ஒரு சின்னத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக் கொள்ளுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் கவலையில்லை. கவுண்டரில் அதையும் பாஸ்போர்ட்டையும் காட்டினால் போதும். எந்த லட்சுமி என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.