இருநூற்றைம்பது டொலர்

"அம்மா, ஆயிரத்து நானூறுதான். மற்றப் பெடியள் வச்சிருக்கிறது இதைவிட விலை."

2024 மார்ச் விடுமுறை தொடங்க இரண்டு நாள் இருந்தது. 13 வயது மகன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் பல நிற விளக்கு எரியும் ஒரு கேமிங் கொம்பியூட்டர். எங்கள் ஸ்காபரோ வீட்டின் பழைய டெஸ்க்டொப்பில் ஃபோர்ட்நைட் விட்டு விட்டுத்தான் ஓடும். நாலு பேர் அணியில் இவனுடைய இடத்துக்கு வேறு ஆளைச் சேர்த்துவிட்டார்களாம். அதை அவன் சொல்லவில்லை. தங்கச்சிதான் சொன்னாள்.

"பார்ப்பம்" என்றேன். எங்கட வீடுகளில் "பார்ப்பம்" என்றால் "இல்லை" என்று அர்த்தம். நீங்களும் கேட்டு வளர்ந்திருப்பீர்கள்.

கையில் காசு இல்லை. மோர்ட்கேஜைப் புதுப்பித்ததில் மாதக் கட்டணம் கூடிவிட்டது. இவருக்கு வேலை மணித்தியாலங்களைக் குறைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது.

எனக்கும் தெரியாமல்தான் வளர்த்தார்கள். 1996இல் அப்பா எனக்கொரு கொம்பியூட்டர் வாங்கித் தந்தார். காலையில் துப்புரவு வேலை, பின்னேரம் உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. "படிக்கிற பிள்ளைக்கு வேணும்தானே" என்று மட்டும் சொன்னார். சீட்டை முதல் மாதமே கழிச்சு எடுத்துத்தான் அதை வாங்கினவர் என்று, எனக்குக் கலியாணம் ஆன பிறகுதான் அம்மா சொன்னா. அப்பாவில் எனக்குக் குறை இல்லை. ஆனால் காசு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பல்கலைக்கழகம் போன நான், 20 வயதில் இரண்டு கிரெடிட் கார்ட்டை நிரப்பி வைத்தேன். அதை அடைக்க நாலு வருசம் போனது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவனை இருத்தி, கணக்கை எழுதிக் காட்டினேன். வருவது இவ்வளவு, போவது இவ்வளவு. "உனக்கு என்னால தரக்கூடியது 250 டொலர். அதுக்குள்ள என்ன செய்யலாம் எண்டு நீயே பார்." அவன் கன நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "பழசையே திருத்தலாமோ?" என்றான்.

எங்களுடையது ஒரு ஒபிஸ் கழித்துவிட்ட டவர். உள்ளே ஆறாம் தலைமுறை ஐ5, நாலு கோர். வயதானதுதான், ஆனால் ஆள் திடம். 8 ஜிபி ரேம் ஒரே துண்டாக இருந்தது. சுழலுகிற பழைய ஹாட் டிஸ்க். தனிக் கிராபிக்ஸ் கார்ட் கிடையாது. இதையெல்லாம் அவன் ஒரு கொப்பியில் எழுதினான்.

பிழை விட்டது நான். பழைய சாமான் விளம்பரம் ஒன்றில் ஜிடிஎக்ஸ் 1060 கார்ட் 90 டொலருக்குக் கிடந்தது. மலிவென்று நினைத்து, அவனிடம் கேட்காமல், ஒரு கோப்பிக் கடை வாசலில் காசைக் கொடுத்து வாங்கிவந்தேன். பெட்டியைத் திறந்தால், அந்தக் கார்ட்டுக்கு ஆறு ஊசி மின்வயர் தனியாக வேண்டும். எங்கள் பெட்டியில் அப்படி ஒன்றே இல்லை. பவர் சப்ளை வெறும் 240 வாட்ஸ். இந்த ஒபிஸ் பெட்டிகளில் இணைப்புகளும் வேறு மாதிரி. கடையில் விற்கிற சாதாரண பவர் சப்ளையை வாங்கி அப்படியே பூட்டவும் முடியாது.

அதை 70 டொலருக்குத் திருப்பி விற்றேன். இவருக்குச் சொல்லாமல் விடலாமா என்றுகூட யோசித்தேன். மகன் கொப்பியில் எழுதிவிட்டான்: "அம்மாவின்ர பிழை – 20."

மீதி 230. இந்த முறை அவன்தான் தேடினான். கார்ட் பூட்டுகிற துளை தானாகத் தருவது 75 வாட்ஸ் மட்டும். அதற்குள் ஓடும், தனி வயர் தேவைப்படாத ஜிடிஎக்ஸ் 1650 ஒன்றைப் பாவித்த நிலையில் 135 டொலருக்குக் கண்டுபிடித்தான். அதிலும் வயர் கேட்கிற வகை இருக்கிறதாம். படத்தை நாலு தரம் பெருப்பித்துப் பார்த்தான். எங்களுடையது முழு டவர் என்பதால் கார்ட் உள்ளே போனது. ஒல்லிப் பெட்டி என்றால் உயரம் குறைந்த கார்ட் தேட வேண்டும். இருந்ததைப் போலவே இன்னொரு 8 ஜிபி ரேம் துண்டு 25 டொலர். இரண்டாகப் போட்டால் இரண்டும் சேர்ந்து வேகமாக வேலை செய்யும். 480 ஜிபி எஸ்எஸ்டி 50 டொலர். கையில் 20 மிஞ்சியது.

சனிக்கிழமை எல்லாம் பூட்டினோம். வயரைக் கழற்றிவிட்டு, உடம்பின் மின் போக முதலில் பெட்டியின் இரும்பைத் தொடச் சொன்னான். மூடி, பொத்தானை அமத்தினால் திரை கறுப்பு. என் வயிறு கலங்கியது. ஐந்து நிமிசம் கழித்து அவனே பின்னால் போய்ப் பார்த்துச் சிரித்தான். திரை வயரைப் பழைய இடத்திலேயே செருகியிருந்தேன். புதுக் கார்ட்டில் செருக வேண்டுமாம். செருகினான், வெளிச்சம் வந்தது.

படத்தரத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் ஃபோர்ட்நைட் இப்போது நொடிக்கு 60 படத்துக்கு மேல் ஓடுகிறது. ஆனால் இது நிரந்தரம் இல்லை என்றும் அவனே சொன்னான். இந்தத் தலைமுறை ஐ5க்கு விண்டோஸ் 11ஐ மைக்ரோசொஃப்ட் முறைப்படி தராது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிவு. மிஞ்சிய 20 டொலரை ஒரு கடித உறையில் போட்டு, மேலே "அடுத்தது" என்று எழுதி வைத்தான்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "பிள்ளைக்கு ஏன் மோர்ட்கேஜ் கணக்கெல்லாம் சொல்லுறாய்? அது எங்கட பாரம்." எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. ஒருநாள் மகன் பள்ளிச் சுற்றுலாத் தாளைத் தராமல் பையிலேயே வைத்திருந்தான், காசு கேட்கக் கூடாதென்று. "கணக்குச் சொன்னது நீ கேக்காமல் இருக்க இல்லை ராசா, கேக்கிறதைத் தெரிஞ்சு கேக்க" என்று அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அப்பா வந்தபோது மகன் பெட்டியின் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினான். கொப்பியையும் கொடுத்தான். அப்பா கண்ணாடியைப் போட்டு வரி வரியாக வாசித்தார். "அம்மாவின்ர பிழை" என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மப்பா, நீங்க அம்மாவுக்கு வாங்கினது எவ்வளவு?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு கொப்பியை மூடி அவன் கையில் கொடுத்தபடி சொன்னார்:

"இரண்டாயிரத்து இருநூறு. வரியோட."

28 வருசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கும் அந்த விலை தெரியும்.