ரோண்டா பள்ளத்தாக்கில் ஒரு பிற்பகல்

வேல்ஸ் நாட்டைப் 'பாட்டு நாடு' என்று அழைப்பது உலக வழக்கு. அப்பெயரின் பொருத்தத்தை நேரில் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. என் தமக்கையார் குடும்பம் கார்டிஃப் நகரில் வசிக்கிறது. விடுமுறையில் அங்குச் சென்றிருந்தபோது, ரோண்டா பள்ளத்தாக்கிலுள்ள ட்ரியார்க்கி என்னும் ஊரில், ஆடவர் பாடற்குழு ஒன்று ஊர் மக்களுக்காகப் பிற்பகலில் பாடவிருப்பதாக அறிந்து ரயிலேறினேன்.

ரயில்வே ஊழியனுக்கு அந்தப் பாதையே ஒரு பாடம். 1841இல் கார்டிஃபுக்கும் மெர்திருக்கும் இடையே முழுமை பெற்ற டாஃப் வேல் ரயில்வேயின் கிளை அது. மலையில் வெட்டிய நிலக்கரியைத் துறைமுகம் சேர்ப்பதே அதன் தலையாய பணி. கரியை நம்பியே ஊர்கள் எழுந்தன. 1851இல் சில நூறு குடும்பங்களே இருந்த பள்ளத்தாக்கில், 1911இல் ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். வேல்ஸின் நாட்டுப்புறங்களிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள், நம்மைப் போன்றவர்களே.

சுரங்கத்தில் உழைத்த அம்மக்கள் இசையை எங்ஙனம் பயின்றனர்? ஐரோப்பிய இசைக் குறியீட்டைக் கற்கக் காலமும் பொருளும் வேண்டும். ஜான் கர்வென் என்பார் இங்கிலாந்தில் பரப்பிய 'டானிக் ஸோல்-ஃபா' முறை அத்தடையை நீக்கிற்று. ஸ்வரங்களின் முதலெழுத்துக்களைக் கொண்டே பாட்டை எழுதும் முறை அது. நம் ஸ, ரி, க, ம போன்றதே. 1860களிலிருந்து தேவாலய வகுப்புக்களில் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும் அதைக் கற்றனர். பக்கத்து அபெர்டேரில் கொல்லராயிருந்த கிரிஃபித் ரீஸ் ஜோன்ஸ், பெரும்பாலும் தொழிலாளர் குடும்பத்தினரைக் கொண்ட பெரும் பாடற்குழுவை நடத்தி, 1872, 1873 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லண்டன் கிரிஸ்டல் பாலஸில் பரிசு வென்றார். அவருடைய சிலை இன்றும் அபெர்டேரில் நிற்கிறது.

ட்ரியார்க்கியில் 'பார்க் அண்டு டேர்' என்ற கம்பீரமான மண்டபத்தைக் கண்டேன். சுரங்கத் தொழிலாளர் தம் கூலியில் ஒரு பவுனுக்கு ஒரு பென்னி வீதம் ஈந்து எழுப்பியது. அதைக் கடந்து, கச்சேரி நடந்த சிறு தேவாலயத்தை அடைந்தேன்.

ஒரே நிற மேற்சட்டை அணிந்த நாற்பது பேர் வரிசையாக நின்றனர். பலருக்குத் தலை நரைத்திருந்தது. பியானோ தொடங்கியதும் நால்வகைக் குரல்கள் எழுந்தன. நம் இசையில் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவோம். இங்கோ உச்சக் குரல் ஒன்று பாட, கீழ்க் குரல் வேறொன்று பாட, இடையிலுள்ள இரண்டும் அவற்றை இணைக்கின்றன. அருகில் நிற்பவன் குரலுக்குச் செவி கொடாதவனால் இதைப் பாடவே இயலாது. ஒருவர் குரலும் தனித்துத் தெரியவில்லை. ஆயினும் ஒருவர் ஓய்ந்தால் குறை தெரியும்.

முடிவில் நாட்டுப் பண் இசைத்தனர். வழியில் நான் கடந்து வந்த பொண்டிப்ரித்தில், 1856இல், தந்தை சொல்லமைக்க மகன் மெட்டமைத்தது அது. அவையோர் அனைவரும் எழுந்து, ஏட்டைப் பாராது பாடினர்.

பின்னர்த் தேநீர் வழங்கப்பட்டது. முதியவர் ஒருவர் என்னருகே அமர்ந்து பேசினார். ரோண்டாவின் கடைசிச் சுரங்கமான மார்டி 1990இல் மூடப்பட்டது. தொழில் போனபின்னும் குழு நிற்கிறது. ஆனால் இளைஞர் வருவது அரிதாகிவிட்டதென வருந்தினார். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வேல்ஸ் மொழி பேசுவோர் நூற்றுக்கு 18 பேருக்கும் குறைவு. தமக்கும் அம்மொழியில் சரளமாகப் பேச வராதென்றும், பாட்டுக்களை மட்டும் பொருளறிந்து மனப்பாடம் செய்திருப்பதாகவும் கூறினார். "வாரம் இருமுறை ஒத்திகைக்கு வருகிறேன். அந்த நேரமாவது என் பாட்டனார் மொழி என் வாயில் இருக்கிறது" என்றார்.

அச்சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. நம் ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து வித்துவான்களை வரவழைக்கிறோம், கேட்டு மகிழ்கிறோம். அது வேண்டியதே. எனினும் நம் குழந்தைகளுள் எத்தனை பேர் ஒரு தேவாரத்தையோ பாரதி பாடலையோ முழுதும் பாடுவர்? பிறர் பாடக் கேட்பதால் மட்டும் மொழி நாவில் தங்குமா? ஞாயிறு மாலை ஒரு மணி நேரம், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பாடச் சங்கக் கூடத்தைத் திறந்துவைத்தால் போதும். குரல் வளம் பார்க்க வேண்டாம். அன்பர்கள் இதை ஆலோசித்து ஆவன செய்வார்களாக.