குமரப்பா ஐயாவுக்குக் கரிசல் காட்டிலிருந்து ஒரு மடல்

மதிப்புக்குரிய ஜே.சி.குமரப்பா ஐயா அவர்களுக்கு,

குளத்தூரிலிருந்து எழுதுகிறேன். கிழக்கே வைப்பாறு, சிப்பிகுளம், வேம்பார் என்று கடலோரக் கிறிஸ்தவ ஊர்கள். வடமேற்கே விளாத்திகுளம், எட்டயபுரம் தாண்டி கோவில்பட்டி வரைக்கும் வானம் பார்த்த கரிசல். நீங்கள் கடைசிக் காலத்தில் வந்து தங்கிய தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் எங்களுக்கு வடக்கே இருக்கிறது. அந்த உரிமையில்தான் இந்த மடல்.

தேர்தல் வந்தால் உங்கள் நினைப்பும் வந்துவிடுகிறது ஐயா. மாதா கோயில் வாசலில் வேட்பாளர்கள் நிற்பார்கள். கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் கேட்போம், கெபிக்குப் போக சிமெண்டு ரோடு கேட்போம். நம்ம ஆட்கள் ஓட்டு எத்தனை என்று அவர்களும் எண்ணுவார்கள், நாமும் எண்ணுவோம். கேட்பது தவறில்லை. ஆனால் விசுவாசிக்குப் பொதுவாழ்வில் இருக்கிற வேலை அவ்வளவுதானா என்று மனசு அடித்துக்கொள்ளும்போது, தஞ்சாவூரில் 1892இல் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்ற பெயரில் பிறந்த உங்களைத்தான் தேடிப் போகிறேன்.

லண்டனில் கணக்காயர் படிப்பு, பம்பாயில் தொழில், பிறகு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே இந்தியாவின் வரியையும் வறுமையையும் ஆராய்ந்தபோதே, இந்த நாடு எப்படிச் சுரண்டப்படுகிறது என்பது உங்களுக்குக் கணக்காகவே தெரிந்துவிட்டது. 1929இல் சபர்மதியில் காந்தியைப் பார்த்தீர்கள். கோட்டும் சூட்டும் போய் கதர் வந்தது. குஜராத்தில் மாதர் தாலுகா கிராமங்களில் விவசாயியின் வரவு செலவை விசாரித்து எழுதினீர்கள்.

நான் முதலில் நன்றி சொல்ல நினைப்பது 1930க்காக. உப்புச் சத்தியாகிரகம் நடக்கிறது, தடியடி நடக்கிறது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தந்த ஆட்சி என்ற நன்றியில் கிறிஸ்தவர்களில் பலர் பேசாமல் இருந்த காலம். சட்டமறுப்பு கிறிஸ்தவ நெறிக்கு ஒவ்வாது என்று கல்கத்தாப் பேராயர் வெஸ்ட்காட் கருதினார். நீங்கள் அவருக்கே பதில் எழுதினீர்கள். சமாதானப் பிரபுவின் ஊழியர்கள், அடிக்கிற அரசைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா என்று மிஷனரிகளைக் கேட்டீர்கள். அதே ஆண்டில்தான் மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்கர் கெய்த்தானும் காந்தியவாதிகளோடு பழகியதால் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. சபைக்குள் இருந்துகொண்டே, சபையின் பெரியவர்களிடம் வேதத்தை வைத்தே நியாயம் கேட்கலாம் என்ற துணிச்சலை நீங்கள்தான் எங்களுக்குத் தந்தீர்கள். உப்பளத்து வெயிலில் கால் வெந்து நிற்கிற சனத்தைத் தினமும் பார்க்கிற எங்களுக்கு அந்த 1930 பழங்கதை இல்லை.

அடுத்தது பீகார். 1934 நிலநடுக்கத்துக்குப் பிறகு நிவாரணப் பணத்தின் கணக்கு உங்கள் கையில் இருந்தது. தொண்டர்களின் சாப்பாட்டுப் படிக்கு நாளொன்றுக்கு மூன்றணா என்று கட்டு வைத்தீர்கள். காந்தி தம் ஆட்களோடு வந்தபோது, அந்தச் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டீர்கள். பொதுப்பணத்தைத் தொடுகிற எந்தக் கிறிஸ்தவனுக்கும், எங்கள் திருவிழாக் கமிட்டி உட்பட, இதைவிடப் பெரிய பிரசங்கம் வேண்டியதில்லை.

1942 போராட்டத்தில் ஜெயிலுக்குப் போன நீங்கள் அங்கே இரண்டு புத்தகம் எழுதினீர்கள். ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது, மற்றது நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் காந்தி முன்னுரை எழுதினார். ஒரே சிறையில், ஒரே கையால் எழுதிய இவற்றை நாம் தனித்தனி அலமாரியில் வைத்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். அயலானை நேசி என்ற கட்டளை உங்களிடம் எண்ணெய்ச் செக்காகவும் கைக்குத்தல் அரிசியாகவும் பனைவெல்லமாகவும் வேலைக்கு வந்தது. கரும்புக்கு நல்ல நிலமும் தண்ணீரும் வேண்டும், பனை தரிசில் தானாக நிற்கும். பனையின் பதநீரைக் காய்ச்சினால் நல்ல நிலம் உணவுப் பயிருக்கு மிஞ்சும் என்றீர்கள். வேம்பார்க் கருப்பட்டி தெரிந்த எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். பனையேறுவதற்கு ஆள் அருகி வரும் இந்த நாளில், அந்த உழைப்புக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்பதும் ஜெபத்தின் பகுதிதான் என்று நான் நம்புகிறேன்.

சுதந்திரம் வந்ததும் பதவி தேடாமல் காங்கிரசின் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றீர்கள். உழுகிறவனுக்கு நிலம், நிலத்துக்கு உச்சவரம்பு என்று 1949இல் அறிக்கை கொடுத்தீர்கள். அதில் உங்கள் மதத்துக்கென்று தனியாக எதையும் கேட்கவில்லை. கல்லுப்பட்டிக் குடிசையில் ஓர் ஏழைக் கிராமத்தானின் படத்தை வைத்து, காந்தி என் எசமான், இவர் என் எசமானின் எசமான் என்று வந்தவர்களிடம் காட்டுவீர்களாம். 1960 ஜனவரி 30, காந்தி மறைந்த அதே தேதியில், மதுரையில் கண் மூடினீர்கள்.

இந்த மடலைப் படிக்கிற எங்கள் பக்கத்துப் பங்கு மக்களுக்கும் சபையாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சுற்றுச்சுவரோடு நிறுத்திவிடாதீர்கள். கண்மாய் எப்போது தூர்வாரப்படும், உப்பளத் தொழிலாளிக்கு நிழலும் குடிதண்ணீரும் உண்டா, மானாவாரி விவசாயிக்குப் பயிர்க் காப்பீட்டுப் பணம் எப்போது கைக்கு வரும் என்று கேளுங்கள். பக்கத்து ஊர் மாரியம்மன் கோயில் தெருவுக்கும் சேர்த்தே கேளுங்கள்.

குளத்தூரிலிருந்து உங்கள் வாசகன்